வாசகர் கேள்வி–பதில்: உலோகமா, உதடா?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வரும் பேண்டு குழுவில் ட்ரம்பெட், யூஃபோனியம், சாக்ஸபோன் மூன்றையும் வாசிக்கிறார்கள். மூன்றும் பித்தளையால் ஆனவையே. ஆனால் சாக்ஸபோனைப் பித்தளைக் கருவிகளில் சேர்க்கக் கூடாது என்கிறார் நண்பர் ஒருவர். அது எப்படி?

பதில்: நண்பர் கூறியது சரியே. இந்தக் குடும்பத்துக்கு உலோகத்தை வைத்துப் பெயரிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். ட்ரம்பெட்டிலும் யூஃபோனியத்திலும் வாசிப்பவரின் உதடுகளே, கிண்ணம் போன்ற மவுத்பீஸின் விளிம்புக்குள் அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கின்றன. சாக்ஸபோனிலோ நாணலைச் சீவிச் செய்த ரீட் அதிர்கிறது. ஆகவே, அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றதும், பிற்காலத்தில் கத்ரி கோபால்நாத்தின் வாசிப்பால் கர்நாடக இசை மேடையில் நிலைபெற்றதுமான அந்தக் கருவி, உடல் முழுவதும் பித்தளையாக இருந்தும் கிளாரினெட்டுக்கே உறவாகும். அதற்கு நேர்மாறாக, உலோகமே கலவாத சங்கு ட்ரம்பெட்டின் பக்கம் சேர்கிறது.

நம் கோயில்களில் ஒலிக்கும் கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியவையும் உதட்டதிர்வால் ஒலிப்பவையே. நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி என்னும் ரீட் என்பதால் அது வேறு குடும்பம். நம் மரபும் ஜோடித் தட்டுகளான தாளத்தைக் கஞ்சக்கருவி (தட்டி ஒலிக்கும் உலோகக் கருவி) என்றும் கொம்பைத் துளைக்கருவி (ஊதி ஒலிக்கும் கருவி) என்றும் பிரித்ததே தவிர, இரண்டும் உலோகம் என்பதற்காக அவற்றை ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஒலி பிறக்கும் முறையைப் பார்த்துச் செய்த இந்தப் பிரிவே நியாயமானது என்பது என் எண்ணம்.

கேள்வி: ட்ராம்போனும் யூஃபோனியமும் ஏறக்குறைய ஒரே சுருதி எல்லையில்தான் ஒலிக்கின்றன. இருந்தும் ஒன்று கணீரென்றும் மற்றொன்று கனிந்தும் கேட்பது ஏன்?

பதில்: சுருதியைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது, குரலின் தன்மையில் குழாயின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வளைத்துச் சுருட்டிய குழாயை நேராக நீட்டிப் பார்த்தால், பேண்டுகளில் வழக்கமாக வாசிக்கப்படும் ட்ரம்பெட் ஏறத்தாழ 1.4 மீட்டர் இருக்கும். ட்ராம்போனும் யூஃபோனியமும் அதைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 2.7 மீட்டர்; பெரிய டியூபா 5.5 மீட்டரை எட்டும். நீளம் இரட்டித்தால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்.

நீங்கள் கேட்ட இரண்டும் நீளத்தில் ஒத்திருந்தாலும், ட்ராம்போனின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலத்தில் ஓடிக் கடைசியில் மட்டும் விரிகிறது. ட்ராம்போனை வாசிக்கும்போது ஒரு குழாய் மற்றொன்றின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும்; அதற்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும். யூஃபோனியத்தின் குழாயோ கொம்பைப் போலப் படிப்படியாக அகன்றுகொண்டே போகிறது. ஒரே அகலமுள்ள குறுகிய குழாயை உரக்க ஊதும்போது, அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள் வலுப்பெற்று ஒலி பளிச்சிடும். அகன்று விரியும் குழாயில் அவை அவ்வளவு முனைப்பாக எழுவதில்லை. நீளத்தில் ஒன்றேயான ட்ரம்பெட்டுக்கும் ஃப்ளூகல்ஹார்னுக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுவே. கார்னெட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு மாலை நேரம் இம்மூன்றிலும் ஒரே மெட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

கேள்வி: பட்டாளத்து பியூகிளில் பொத்தான்களே இல்லை, ட்ரம்பெட்டில் மூன்றுதான் உள்ளன. அந்த மூன்றால் எல்லாச் சுரங்களும் எப்படிக் கிடைக்கின்றன?

பதில்: நீளம் மாறாத குழாயில் உதட்டின் இறுக்கத்தை மாற்றினால், அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று தாவித் தாவித்தான் ஒலி கிடைக்கும். பியூகிள் அழைப்புகள் ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், மேல் ப என்ற ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுவது இதனால்தான். 1818இல் ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்ஸலும் ஃபிரீட்ரிஷ் ப்ளூமலும் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். பொத்தானை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய்த் துண்டு ஒன்றைச் சுற்றிவரும். இரண்டாம் வால்வு அரைச் சுரமும், முதலாவது ஒரு முழுச் சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். இவற்றைச் சேர்த்தும் பிரித்தும் அழுத்தினால் ஏழு நீளங்கள் கிடைக்கின்றன. சுரங்களுக்கு இடையிலிருந்த வெற்றிடங்கள் நிரம்பிவிடுகின்றன.

ட்ராம்போனின் வழுக்குக் குழாய்க்கும் ஏழு நிலைகள்தாம். ஆனால் அந்த நிலைகளைக் குறிக்கும் தடை எதுவும் குழாயில் இல்லை. வாசிப்பவர் காதால் கேட்டே இடத்தைப் பிடிக்க வேண்டும். கற்பதற்கு அது கடினம். ஆயினும் கர்நாடக இசையில் ஜாரு என்னும் வழுக்கலைப் போல ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைமுறியாமல் இழைந்து செல்ல இக்கருவிக்கு இயல்வதும் அந்தத் தடையின்மையால்தான்.