நானோ வெள்ளித் திரவத்தைக் குடிக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. தெரிந்தவர் ஒருவர் நானோ வெள்ளித் திரவம் விற்கிறார். தினமும் இரண்டு ஸ்பூன் குடித்தால் கிருமி மட்டும் சாகும், உடம்பின் செல்களுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். 99.9 சதவீத பாக்டீரியா செத்ததாக ஆய்வக அறிக்கையும் காட்டினார். தீக்காயத்துக்கு டாக்டரே வெள்ளி க்ரீம் தருகிறாரே, இதையும் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம்.

வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும் என்பது நிஜம்தான். ஆனால் விளம்பரப் படத்தில் காட்டுகிற மாதிரி, திரவத்தில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள் போய்க் குத்திக் கொல்வதில்லை. துகளின் மேற்பரப்பு மெல்லக் கரைந்து வெள்ளி அயனிகள் (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணுக்கள்) வெளியேறுகின்றன. பாக்டீரியாவின் புரதங்களில் இருக்கும் கந்தகத்தை அவை பிடித்துக்கொள்ள, அதன் சுவாசம் தடைபடுகிறது, மேல்சவ்வும் கெடுகிறது. துகள் பொடியாக இருக்க இருக்கக் கரைவதும் வேகம்.

அதே கந்தகம் உங்கள் அம்மாவின் செல்களிலும் இருக்கிறது. அயனிக்கு ஆள் பார்க்கத் தெரியாது. போதாக்குறைக்கு, நம் செல்களில் பல, துகளை அப்படியே விழுங்கி உள்ளே ஒரு பையில் போட்டு வைக்கும். அந்தப் பைக்குள் அமிலம் இருப்பதால் வெள்ளி அங்கே இன்னும் நன்றாகக் கரையும்.

அப்புறம் அந்த அறிக்கை. இந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்! எந்தக் கிருமி, எந்தத் திரவத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். இரைப்பையில் உப்பும் புரதமும் நிறைய. அயனிகளில் பெரும்பகுதி உப்போடு சேர்ந்து படிந்துவிடும், துகளைப் புரதம் மூடிக்கொள்ளும். 99.9 என்பதும் பெரிய எண் இல்லை. பத்து லட்சத்தில் ஆயிரம் மிஞ்சும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் பாக்டீரியாவாக இருந்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி பத்து லட்சம். இத்தனைக்கும் சாதாரணச் சளி வைரஸால் வருவது. அறிக்கை பேசுவதோ பாக்டீரியாவைப் பற்றி!

தீக்காய க்ரீம் கதை வேறு. அது சில்வர் சல்ஃபாடயசின், நானோ துகளே இல்லை. ஆழமான தீக்காயத்தில் செத்த சதைக்கு ரத்தம் போகாது. விழுங்கிய மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால்தான் மேலே பூசுகிறார்கள். அதுவும் புதுத் தோல் வளர்வதைத் தாமதப்படுத்தக்கூடியது என்பதால் எப்போது நிறுத்துவது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆக, வெள்ளி நம் செல்களை விட்டுவைக்கும் என்ற கதை அந்த க்ரீமிலேயே அடிபட்டுப் போகிறது. எல்லாக் கிருமியும் வெள்ளிக்குச் சாகும் என்பதும் இல்லை: வெள்ளிக்கு அசையாத சால்மோனெல்லா பாக்டீரியா 1975லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பதிவாகிவிட்டது.

தொடர்ந்து குடித்தால் தோல் நீலச் சாம்பலாகலாம், அது நிரந்தரம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999லேயே, டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் இத்தகைய வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பலனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று விதி போட்டது. என்ன பயன்? லேபிளில் ‘துணை உணவு’ என்று மாற்றினால் போதும், அதே பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது. மருந்தென்றால் விற்பவர் முதலில் நிரூபிக்க வேண்டும். துணை உணவென்றால் யாருக்காவது ஏதாவது ஆனபிறகு மற்றவர்கள் நிரூபிக்க வேண்டுமாம்!

அம்மா ஏற்கெனவே குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடம்பில் சேர்வதை வெள்ளி குறைத்துவிடும். அடிக்கடி வரும் சளி ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.