செயலி ஐடியை முடக்கினால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் தந்தை தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பி.எஃப். பணத்தோடு ஓய்வு பெற்றவர். வருகையைப் பதிய அவர் பயன்படுத்திய பித்தளை டோக்கன் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. நான் நான்கு ஆண்டுகளாகச் செயலி வழியாக உணவு விநியோகம் செய்கிறேன். சென்ற மாதம் காரணம் சொல்லாமல் அந்தச் செயலியில் உள்ள என் ஐடியை (கணக்கை) முடக்கிவிட்டார்கள். தொழில் மாறும்போது அரசு மட்டும் ஏன் பின்தங்குகிறது?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த டோக்கனிலேயே உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஒரு வாசலும் வருகைப் பதிவேடும் இருந்தன. 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) சட்டமும் 1952-ஆம் ஆண்டின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டமும் அந்தப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டே தொழிலாளியைச் சென்றடைந்தன. உங்களை நிறுவனம் ஊழியர் என்று சொல்லாமல் ‘பார்ட்னர்’ என்று சொல்வதால், முதலாளி, தொழிலாளி உறவை வைத்து எழுதப்பட்ட சட்டங்களுக்கு உங்கள் விஷயத்தில் பிடிமானமே கிடைக்கவில்லை.

தந்தை பெற்ற பாதுகாப்பும் எளிதில் வந்ததன்று. 1881-இன் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு மட்டுமே வரம்பு விதித்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற நிலையை அடைய 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் உங்களைப் போல வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்யும் ‘கிக்’ தொழிலாளரை முதன்முறையாக வரையறுத்தது. 2023-இல் ராஜஸ்தான் தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2025-இல் கர்நாடகம் இயற்றிய சட்டமோ, முதலாளி யார் என்ற வழக்கில் சிக்காமல், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குச் சேரும் தொகையைக் கணக்கிட்டு, அதில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலக் கட்டணமாக நிறுவனத்திடமிருந்து பெற வழிசெய்கிறது. பதிவேடு இல்லாத இடத்தில் பரிவர்த்தனையையே பதிவேடாக்கிய இந்த அணுகுமுறையை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் நீங்கள் ஊழியரா இல்லையா என்பதை அதுவும் தீர்க்கவில்லை. ஊழியர் என்றால்தான் கேட்க முடிகிற குறைந்தபட்சக் கூலி அங்கேதான் முட்டி நிற்கிறது. இந்த வேலையில் இருக்கும் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில் இருப்பதால், இங்குள்ள வேட்பாளர்களுக்கு அவர்களிடம் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியும் குறைவு.

உங்கள் ஐடியைப் பொறுத்தவரை, எழுத்துப்பூர்வமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றி வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதே கர்நாடகச் சட்டத்தின் நிலை. முடக்கப்பட்ட திரையையும் கடைசி மாதங்களின் வருமான விவரத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், பதில் வராவிட்டால் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் எழுதுங்கள்.