பச்சையைக் கருப்பாக்காதீர்கள்

பழைய கேமரா: வாசகர் கேள்வியும் மெக்கானிக் பதிலும்

கேள்வி: கொடைக்கானலில் தாத்தா வாங்கிய வீட்டின் பரணில் ஒரு பெட்டி கேமரா கிடைத்தது. முன்பக்கம் முழுக்க இரண்டு விதப் பச்சையில் கட்டமும் கோடுமாகப் பெயின்ட். 'போ பிரவுனி' (Beau Brownie) என்று பெயர் போட்டிருக்கிறது. யாரோ பிள்ளைகள் விளையாட்டாக அடித்திருக்க வேண்டும். சுரண்டிவிட்டுப் பழையபடி கருப்பு அடித்தால் விலை கூடுமா?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, கையில் உப்புத்தாள் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். அந்தப் பச்சையை அடித்தது பிள்ளைகள் இல்லை, கோடக் கம்பெனி. வால்டர் டோர்வின் டீக் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் போட்டுக் கொடுத்த முகப்பு அது. 1930-இல் கடைக்கு வந்தது. கருப்பு, பழுப்பு, நீலம், பச்சை, ரோஜா என ஐந்து நிறங்கள். இவற்றில் பச்சையும் ரோஜாவும் கொஞ்ச காலம்தான் விற்றன, அதனால் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடுவதே அந்த இரண்டைத்தான். கருப்பு மற்றவற்றைவிடச் சுலபமாகக் கிடைக்கும். நீங்கள் செய்ய நினைத்தது பட்டுப்புடவைக்குச் சாயம் போட்டுத் துண்டாக்குகிற வேலை.

கேமரா என்றால் கருப்பு, இல்லாவிட்டால் வெள்ளி என்று நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. 1928-லேயே கோடக் கம்பெனி 'வானிட்டி கோடக்' என்று ஒரு மடிப்புக் கேமராவை ஐந்து நிறத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயர் வைத்தது. அடுத்த வருடம் வண்ணக் கேமராவோடு லிப்ஸ்டிக், பவுடர் டப்பா, கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரே கைப்பை செட்டாகவும் விற்றார்கள். எனவே விசித்திரமான நிறத்தில் பழைய கேமரா கிடைத்தால், அது பிறவி நிறமா ஒட்டு நிறமா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூ தலையை. பிறகு அடித்த பெயின்ட் அந்தப் பள்ளத்தில் தேங்கியிருக்கும், தோல் உறையின் ஓரத்தில் வழிந்திருக்கும். கம்பெனியில் பாகத்தைத் தனியாகப் பூசி அப்புறம் மாட்டியதால் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். உங்கள் பெட்டியைச் சுற்றியுள்ள உறையும் பச்சையாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டுங்கள், போதும். எங்காவது எனாமல் உதிர்ந்திருந்தாலும் தொட்டுப் பூசாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மாமா 1980-களில் கொண்டுவந்த கேனன் ஏஇ-1 என்னிடம் இருக்கிறது, வெள்ளி நிறம். எங்கள் தெரு டிங்கரிங் பட்டறையில் மயில்நீலத்தில் டூகோ அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். விற்கும்போது கூடுதலாகக் கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இந்தக் கேள்விக்கு என் கைக்காசு போன கதையைத்தான் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், இதே ஏஇ-1. மேல்மூடியில் ஒரு கீறல், முழுதாகப் பூசிக் கொடுங்கள் என்றார் வாடிக்கையாளர். பளபளப்பைப் பார்த்து உலோகம் என்று நினைத்து, பெயின்ட் ரிமூவரில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மூடி அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது! 1976-இல் வந்த ஏஇ-1-இன் மேல்மூடி பிளாஸ்டிக், மேலே உலோக முலாம். வேறொரு செத்த கேமரா வாங்கி அதன் மூடியைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தேன். அந்த மாதம் வீட்டு வாடகை தாமதம்.

உங்கள் டிங்கரிங்காரர் கார் கதவுக்கு உலை வைப்பது போல இதற்கும் வைத்துவிடப் போகிறார், பத்திரம். பென்டாக்ஸ் கே1000-ஐயும் இப்படித்தான் நம்பக் கூடாது. ஆரம்பத்தில் பித்தளை மூடி, பின்னாளில் சைனாவில் செய்தவற்றில் பிளாஸ்டிக். பெயர் ஒன்றே, உடம்பு வேறு.

விலைக்கு வருகிறேன். ஏஇ-1 லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கேமரா. மயில்நீலம் அடித்ததால் சரித்திரம் ஒன்றும் அழியாது. ஆனால் வெள்ளி ஏஇ-1-ஐ வருகிற எல்லோரும் வாங்குவார்கள், மயில்நீலத்துக்கு மயில்நீலம் பிடித்த ஆள் வர வேண்டும். வந்தால் நல்ல விலை, வராவிட்டால் அலமாரி. இன்னொன்று: படமெடுக்கப் பொத்தானை அமுக்கும்போது மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வருகிறதா? கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைத் தூக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது, இந்த மாடலுக்கே உரிய வியாதி. பெயின்ட் காசை அதற்குச் செலவழியுங்கள். வாங்குகிறவர் காதுக்குத்தான் முதல் வேலை.

நிறம் மாற்றியே தீருவேன் என்றால், செத்த கேமராவின் மேல்மூடி ஒன்று வாங்கி அதைப் பூசி மாட்டுங்கள். மாமாவின் மூடியைத் துணியில் சுற்றி வையுங்கள். நாளைக்கே மனசு மாறினால் சில ஸ்க்ரூக்கள்தான்.

கேள்வி: லைக்கா எம்3, வெள்ளி குரோம், நல்ல நிலையில் இருக்கிறது. ராணுவப் பச்சையில் பூச ஆசை. தவறா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பொருள், உங்கள் ஆசை. என் கடைக்குக் கொண்டுவந்தால் செய்ய மாட்டேன்.

எம்3 1954-இலிருந்து 1966 வரை இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. பெரும்பாலும் வெள்ளி. கருப்புப் பெயின்ட் அடித்து வந்தவை கொஞ்சம். மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்காக ஆலிவ் பச்சையில் போனவை அதைவிடக் கொஞ்சம். அரிதானதால் விலை, விலை வந்ததால் போலி. ஆகவே பச்சை எம்3 என்று ஒன்று சந்தைக்கு வந்தாலே விஷயம் தெரிந்தவர் முதலில் சந்தேகப்பட்டு, கேமராவின் வரிசை எண்ணைத்தான் பார்ப்பார். எந்த எண்கள் எந்த நிறத்தில் போயின என்பதற்கு அவர்களிடம் பட்டியல் இருக்கிறது. உங்களுடையது அதில் இருக்காது. நீங்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, சரி. உங்களிடமிருந்து வாங்கியவரிடமிருந்து வாங்குகிறவர்?

இன்னொரு சங்கதி. குரோமைக் கழற்றாமல் மேலேயே பூசினால் பெயின்ட் நிற்காது, உரிகிற இடத்தில் வெள்ளி பல்லிளிக்கும். கழற்றிப் பூச வேண்டுமானால் அமிலம், தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்க, வெட்டிய எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். திருப்பணி என்று கோயில் தூணை மணல் பீய்ச்சிக் கழுவியபின் கல்வெட்டைப் படிக்க முடியாமல் நின்றிருக்கிறீர்களா? அதேதான்.

அசல் கருப்பு லைக்காவில் பெயின்ட் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். சேகரிப்பவர்கள் அந்தத் தேய்மானத்துக்குத்தான் உயிரை விடுகிறார்கள். போர்க்களங்களில் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கனுக்காகச் செய்த எம்3டி, 2012-இல் வியன்னா ஏலத்தில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. யாராவது அதைப் 'புதுசு மாதிரி' ஆக்கியிருந்தால்?

ஏற்கெனவே குரோம் உப்பி, பச்சை பூத்து, விழுந்து நசுங்கிய எம்3 என்றால் என் பதில் வேறு. அதற்கு இழக்க ஒன்றுமில்லை. ஜப்பானில் இதையே கலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலைக்கும் ஒரு விலை உண்டு. அப்போதும் விற்கும் ரசீதில் 'மறுபூச்சு' என்று எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: மும்பை சோர் பஜாரில் தங்க நிற லைக்கா, பாம்புத்தோல், 1936 பெர்லின் ஒலிம்பிக் முத்திரையோடு வாங்கினேன். நல்ல வரவா?
– வாசகர், சேலம்

பதில்: லென்ஸைத் திருகிக் கழற்றி, மேல்பக்கம் உள்ளே பாருங்கள். லென்ஸ் அமுக்குகிற இடத்தில் சின்ன உருளைச் சக்கரம் இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். சக்கரம் இல்லாமல் நாக்கு மாதிரி ஒரு துண்டு இருந்தால் அது லைக்கா இல்லை, சோவியத் நாட்டு ஃபெட் அல்லது சோர்க்கி கேமரா, மேலே தங்கப் பூச்சு. 1930 வாக்கில் லைக்கா கம்பெனியே பல்லித்தோல் போர்த்தித் தங்க முலாம் பூசிச் சில கேமராக்கள் செய்தது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வருத்தம் வேண்டாம், ஃபெட்டும் படம் எடுக்கும்.

கேள்வி: என் எட்டு வயது மகள் வீட்டிலுள்ள ஆக்ஃபா கிளிக் 3 கேமராவுக்கு மஞ்சள் அடிக்கலாமா என்கிறாள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடிக்கட்டும். லென்ஸிலும் பின்பக்கச் சிவப்பு ஜன்னலிலும் டேப் ஒட்டிக் கொடுங்கள், மூடி பொருந்துகிற ஓரத்தில் பெயின்ட் தடித்தால் வெளிச்சம் புகும். 120 ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது, பன்னிரண்டு படம். முதல் ரோலில் அவளையே எடுக்கச் சொல்லுங்கள்.