வெள்ளெனப் போங்கோ: தேனீப் படம் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

மாங்குளம்: எந்தக் கமரா வாங்கலாம், அண்ணை?
கையில இருக்கிறதோட தொடங்குங்கோ தம்பி. போனில கொழுவுற, கிட்ட வைச்சுப் பெருசா எடுக்கிற சின்ன மக்ரோ லென்ஸே எள்ளுப்பூத் தேனீக்குக் காணும்.

நெடுங்கேணி: 100 மில்லிமீற்றர் மக்ரோ இருக்கு. கண் தெளிஞ்சால் செட்டை மங்குது.
கிட்டப் போகப் போகத் தெளிவு ஒரு மில்லிமீற்றருக்குள்ள சுருங்கிடும். லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 11இல வையுங்கோ. 16ஐத் தாண்டினால் முழுப்படமும் மங்கும். சின்னத் துவாரத்தில வெளிச்சம் காணாது, பிளாஷ் போட்டு அதுக்கு முன்னால வெள்ளைத்துணி கட்டுங்கோ. தேனீயின்ர பக்கவாட்டுக்குச் சமாந்தரமாக் கமராவைப் பிடிச்சால் கண்ணும் செட்டையும் ஒரே தளத்தில விழும். ஓட்டோ போக்கஸ் வேண்டாம். உடம்பை மெல்ல முன்னுக்குச் சரிச்சு, கண் தெளியேக்க அமத்துங்கோ.

ஒட்டுசுட்டான்: ஒரு இடத்தில நிக்குதில்லை. பிரிட்ஜில வைச்சு எடுக்கலாமோ?
வேண்டாம். விறைச்ச பூச்சி காலை மடக்கிப் பிணம்மாதிரிக் கிடக்கும், சிலது செத்தும் போகும். விடியமுன்னம் போங்கோ. நீலப்பட்டைத் தேனீயில ஆண்கள் காய்ஞ்ச தண்டைத் தாடையால கவ்விக்கொண்டு தூங்கும். வெயில் படுமட்டும் அசையாது. பின்னேரமே இடத்தைப் பாத்து வையுங்கோ.

வவுனியா: எந்தக் கமரா நல்லம்?
முதல் பதிலைப் பாருங்கோ.

கிளிநொச்சி: எந்தப் பூவில காத்திருக்கிறது?
கத்தரி. அதின்ர மகரந்தப்பையில நுனித் துவாரம் மட்டும்தான். நீலப்பட்டையும் மரம் துளைக்கிற கருவண்டும் பூவைக் கட்டிப்பிடிச்சு நெஞ்சுத்தசையை அதிரவிட, மகரந்தம் பொலபொலவெண்டு கொட்டும். பெட்டியில வளக்கிற பெட்டித்தேனீக்கு அந்த வித்தை இல்லை.

விசுவமடு: அது பிழை அண்ணை. எங்கட கத்தரியில பெட்டித்தேனீ இருக்கிற படமே என்னட்ட இருக்கு.
இருக்கும் தம்பி. சிந்தினதைப் பொறுக்க வரும்.

விசுவமடு: பெட்டியை எடுத்தாப் பிறகு காய் குறைஞ்சதே?
அந்தப் பருவம் மருந்து அடிச்சனீங்களோ, மழை எப்பிடி எண்டும் பாக்கவேணும். கத்தரி தன்ர மகரந்தத்திலயும் காய்க்கும். காத்து அசைச்சாலும் கொஞ்சம் கொட்டும். அதிருற பூச்சி வந்தால் நல்லாக் காய்க்கும். ஒரு விடியல் பாத்தியில இருந்து கேளுங்கோ: பறக்கிற இரைச்சல் நிண்டு, பூவுக்குள்ள கூர்மையான வேறொரு சத்தம் வரும். அந்த நேரம் செட்டை முதுகோட மடிஞ்சிருக்கும். அதைப் படமாக் கொண்டுவாங்கோ, பிறகு கதைப்பம்.

முள்ளியவளை: மஞ்சள் கோடு, பெரிய கண். தேனீயோ?
செட்டையை எண்ணுங்கோ தங்கச்சி. இரண்டெண்டால் ஈ. கொட்டாது.

துணுக்காய்: காட்டுக்குள்ள பெருந்தேன் வதையைக் கிட்ட எடுக்க ஆசை.
வேண்டாம். கலைச்சுக் கலைச்சுக் கொட்டும். மிதிவெடிப் பலகை நிக்கிற பக்கம் பாதையை விட்டு ஒரு அடியும் வைக்காதேங்கோ.

பரந்தன்: கொஞ்ச நேரம் மட்டும் பிரிட்ஜில...
இல்லை.

புதுக்குடியிருப்பு: நாளைக்குப் போறன். எத்தனை மணிக்கு?
5.30க்கு. வேலியோரக் காய்ஞ்ச தண்டுகளைப் பாருங்கோ. புல்லுக்குள்ள முழங்கால் ஊன்றமுதல் டோர்ச் அடியுங்கோ, புடையன் பாம்பு கிடக்கும்.