ஓடிப்போன இடத்தில் விழுந்த குண்டு

அன்புள்ள அக்கா,

விமானக் குண்டுவீச்சில் அழிந்த ஸ்பானிய ஊரான கேர்னிக்கா பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். நகரங்கள் மீதான குண்டுவீச்சு பாடத்தில் வந்தபோது ஒரு மாணவி, "நம்ம மலையில குண்டே விழலையே சேர், இது நமக்கு எதுக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் பெரியம்மா குடும்பம் 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வடக்கே கிளிநொச்சிக்குப் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. இன்னொன்று: நகரங்களைத் தாக்கியதால்தான் இரண்டாம் உலகப் போர் சீக்கிரம் முடிந்தது என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அது சரியா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1941இல் பிரித்தானிய அரசு தன் விமானங்கள் எடுத்த படங்களைச் சோதித்துப் பார்த்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்னவற்றில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தூரத்துக்குள்ளேயாவது போயிருந்தது. இரவில் ஒரு தொழிற்சாலையைக் குறிபார்த்து அடிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. உடனே இலக்கை மாற்றினார்கள். 1942 பெப்ரவரி 14இல் வந்த உத்தரவு எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைத் தாக்கச் சொன்னது. அடுத்த மாதம் சேர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டெமன், எத்தனை பேரை வீடற்றவர்களாக்கலாம் என்று கணக்குப் போட்டே கொடுத்தார். தொழிலாளர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நெருக்கமாக இருக்கும், நன்றாக எரியும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரையோடு அடுத்தடுத்த காம்பராக்களுக்குத் தாவியதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, பலன் என்ன? ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் அடித்தது போரைப் பாதித்தது, அதை மறுக்கவில்லை. குடியிருப்புகளை எரித்தது வேறு கதை. வீடு போனவர்கள் அரசை எதிர்த்து எழவில்லை. எப்படி எழுவார்கள்? அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அதே அரசின் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் மாணவியின் கேள்வி. இதைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. செத்தவர்களில் எத்தனையோ பேர் தப்பிப்பதற்காக ஓரிடத்துக்குப் போனவர்கள். 1943 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தீ பெரும் புயலாக எழுந்தபோது, நிலவறைக்குள் பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பியவர்கள் நச்சுவாயுவிலும் வெக்கையிலும் செத்தார்கள். 1945 மார்ச் 10 விடிவதற்குள் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். அந்நகரின் அசகுசா பகுதியில் இருந்த பழைய கோயில் 1923 நிலநடுக்கத்தில் தப்பியது, இந்த முறையும் காப்பாற்றும் என்று அங்கே ஓடினார்கள். அந்த இரவில் கோயிலும் எரிந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இறந்தவர்களிலும் கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இருந்தார்கள். நம் நாட்டில், 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் விமானக் குண்டுவீச்சில் இறந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் அங்கே தஞ்சம் புகுந்தவர்கள்தான்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கொழும்புக்காரர் பலர் மலைப்பக்கம் வந்தார்கள். அன்றைக்கு மலை ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு அதே மலையிலிருந்து நம் ஆட்கள் சட்டிபானையோடு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இறங்கினார்கள். காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். அப்புறம் அவர்கள் தலைக்கு மேலே கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் வந்தது. ஆகவே, தம்பி, மலையில் குண்டு விழவில்லை என்பது சரி. மலைநாட்டு மக்கள்மேல் விழவில்லை என்பது சரியில்லை.

என் அத்தையும் அப்படிப் போனவர். போர் முடிந்து சில வருஷம் கழித்துத் தோட்டத்துக்கு வந்திருந்தார். தேயிலை மலையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். கொழுந்தை அவர் பார்க்கவேயில்லை. செடிகளுக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் இறங்கி நின்று, நெஞ்சளவு இல்லையே என்று அளந்து பார்த்தார். "பனங்குத்தி போட்டு மூட இது பத்தாதுடி" என்றார். பதுங்குகுழியான பங்கரை எப்படி 'எல்' வடிவத்தில் வெட்டுவது, மண்மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் கல்யாணச் சேலையைக் கிழித்துத் தைத்தது, எல்லாவற்றையும் அந்தக் கானில் நின்றபடியே சொன்னார். வீட்டுக்குள் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நானும் தொடர்ந்து கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

உங்கள் வகுப்பில் யார் யார் வீட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு அடங்கிய வன்னிக்குப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கையைத் தூக்கும் பிள்ளைகளை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டு வந்தால் போதும். உங்கள் பெரியம்மாவிடம் எடுத்ததுமே குண்டைப் பற்றிக் கேட்காதீர்கள். கிளிநொச்சியில் முதலில் எந்த இடத்தில் குடிசை போட்டார்கள், கிணறு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அவர் சொன்னால், அவருக்கும் சம்மதம் என்றால், எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா