இலை மறைவில் ஒரு பச்சோந்தி

கேள்வி: அண்மையில் பச்சோந்தி ஒன்றை வாங்கினோம். நாளெல்லாம் இலை மறைவிலேயே இருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஒளிந்திருப்பது அதன் இயல்பு. முதல் இரண்டு வாரங்களுக்கு அதைக் கையில் எடுக்காதீர்கள். நிறம் மாறுவதை உறவினருக்குக் காட்டும் ஆசையையும் ஒத்திப்போடுங்கள். கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான். தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதில்லை என்பதால், காலையும் மாலையும் இலைகளின் மேல் நீரைத் தெளித்து, நுனிகளில் துளிகள் திரண்டு நிற்கும்படி செய்யுங்கள். அத்துளிகளைத்தான் அது நக்கிக் குடிக்கும். எச்சத்தோடு வெளிவரும் கெட்டியான சிறுநீர்ப் பகுதி வெண்மையாக இருந்தால் நல்லது. அது அடர்ந்த ஆரஞ்சு நிறமாக இருந்தாலோ, கண்கள் குழிவிழுந்திருந்தாலோ நீர் போதவில்லை என்று கொள்ளலாம்.

கூண்டு உயரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும். புற ஊதா பி கதிர் தரும் விளக்கு நாள்தோறும் சுமார் 12 மணி நேரம் எரிய வேண்டும். சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், அதன் வழியே வரும் வெயில் ஈடாகாது. இக்கதிரும், இரைப் பூச்சிகளின் மேல் தூவும் கால்சியப் பொடியும் போதாவிடில் எலும்புகள் மென்மையாகி வளைந்துவிடும். பகலிலும் கண்களை மூடியபடியே இருந்தால், தாமதிக்காமல் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.