பன்னிரண்டாம் நிலையில் காயங்களை அழிப்பதா?

வணக்கம். உங்கள் ஊர்ச் சிற்றாலயத்துக்கு நீங்கள் வரைந்துவரும் சிலுவைப்பாதையின் பன்னிரண்டாம் நிலையை, அதாவது இயேசு சிலுவையில் உயிர்விடும் காட்சியைப் பார்த்த பெரியவர்கள், இவ்வளவு இரத்தம் போர்க்காலத்தை நினைவூட்டுகிறது என்று முகம் திருப்பியதாகவும், காயங்களை அழிப்பதா என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். அழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அவர்களுடைய மறுப்பை ரசனைக் குறைவென்று தள்ளிவிடவும் வேண்டாம்.

ஜேர்மன் ஓவியர் குறூனவால்ட் 1512 முதல் 1516 வரை ஈசன்ஹைம் மடத்துக்கு வரைந்த பீட ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அம்மடத்துத் துறவிகள், பூஞ்சை பிடித்த தானியத்தை உண்டதால் உடல் எரிந்து கைகால் அழுகிய நோயாளரைப் பராமரித்தவர்கள். அங்கே தொங்கும் இயேசுவின் தோலெங்கும் புண்கள், விறைத்து விரிந்த விரல்கள், நீலம் பாரித்த உதடுகள். நோயாளி அதில் தன் உடலையே கண்டிருப்பான். எனினும் அந்த ஓவியத்துக்குக் கதவுகள் உண்டு. திறந்தால் உயிர்த்த கிறிஸ்து ஒளிவட்டத்துள் எழுகிறார். காயங்கள் மறையவில்லை, ஒளிர்கின்றன.

உங்கள் படத்தில் இல்லாதது அந்தக் கதவுதான். இரத்தம் நெற்றி முதல் பாதம் வரை ஒரே சிவப்பில் ஓடுவதால் கண் தங்க இடமில்லை. பாதத்துக் காயத்தை அப்படியே விட்டு (பெரிய வெள்ளியில் சனம் முத்தமிடுவது பாதங்களைத்தானே), மற்றவற்றை மண்ணிறத்துக்கு இறக்குங்கள். கரிய பின்னணியின் அடியில், விடியற்புறக் கடலில் தெரிவதுபோல ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று போதும். மாதாவின் முகத்துக்கு, பசாம் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் துயரப் பாடல்) படிக்கும் அந்தப் பெரியவர்களில் ஒருவரையே இருத்தி வரையக் கேட்டுப் பாருங்கள்.